லிஃப்ட்டண்ணனின் சாயங்காலச் செருப்பு

லிஃப்ட்டண்ணனுக்கு இரண்டாவதாக ஒரு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி எங்கள் கட்டடத்தின் எட்டு மாடிக்கும் பரவ ஒன்றரை நாள் பிடித்தது. ஆதாரம் கெட்டியாகத்தான் இருந்தது. காலையில் கறுப்பு ஷூ மாட்டிக்கொண்டு வருகிற மனிதர், சாயங்காலம் பழுப்பு நிறச் செருப்பில் வீட்டுக்குப் போகிறார். நடுவே மத்தியானம் பத்து நிமிஷம் ஆளைக் காணோம். ஷூவைக் கழற்றிப் போட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வருகிற அளவுக்கு உரிமையுள்ள இடம் என்றால் அது என்ன இடம்? மூன்றாம் மாடி டைப்பிஸ்ட் அம்மா, "அந்தச் செருப்புகூட அவ வாங்கிக் கொடுத்ததுதானாம்" என்றார். 'அவ' யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சுவாரசியம் போய்விடும்.

உண்மையில் நடந்ததை நான் சொல்கிறேன். என் ஜெராக்ஸ் கடை மாடிப்படிக்கு அடியில், லிஃப்ட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. அது பழைய லிஃப்ட். கம்பிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்த வேண்டும். அதனால்தான் இந்தக் காலத்திலும் உள்ளே ஒரு ஸ்டூலும் அதன்மேல் லிஃப்ட்டண்ணன் மாதிரி ஓர் ஆளும் தேவைப்படுகிறது. மேலேயிருந்து யார் இறங்கி வந்தாலும் எனக்கு முதலில் தெரிவது கால்தான். முகமெல்லாம் அப்புறம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு லிஃப்ட்டண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. கட்டடத்தில் காய்ச்சல் என்று சொல்லி மூன்று வாரம் லீவு போட்டார். நெஞ்சு பலவீனமாகிவிட்டது, காலில் நீர் கோத்துக்கொள்கிறது என்பது அவருக்கும் அண்ணிக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். வெளியே தெரிந்தால் ஸ்டூல் போய்விடும் என்று பயம். பயப்படக் காரணமும் இருந்தது. எட்டாம் மாடியில் இருக்கிற செகரட்டரி, "ஆள் இல்லாத லிஃப்ட்டா மாத்திடலாம்" என்று இரண்டு கூட்டத்தில் பேசியாயிற்று.

செய்தி எட்டு மாடியும் ஏறி முடித்த அன்றைக்கு மெக்கானிக் வந்திருந்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை லிஃப்ட்டை நிறுத்தி, அடியில் இருக்கிற குழியில் இறங்கிச் சுத்தம் செய்வான். அந்த நேரம் பார்த்து அண்ணி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். முதல் மாடிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்துகொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது.

"அண்ணி, ஸ்டூலைக் கீழ வச்சுட்டுப் பேசலாமே" என்றேன்.

"அவருக்குத்தானே கொண்டு வந்திருக்கேன்" என்றார் அண்ணி.

மேலே யாரோ 'ச்ச்ச்' கொட்டினார்கள்.

கம்பிக் கதவுக்கு வெளியே தன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்த லிஃப்ட்டண்ணனிடம் அண்ணி நேராகப் போனார். "டாக்டர் மாத்திரையை ரெண்டு தடவை ஏத்திட்டாரு. காலு வடியவே மாட்டேங்குது. பொழுதன்னைக்கும் தொங்கப் போட்டு உக்காந்திருந்தா எப்படிங்க வடியும்? இதுமேல தூக்கி வைங்க. நான் செகரட்டரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ வீட்டுக்குப் போ."

"நெஞ்சுல கோளாறுன்னு சொன்னா என்ன, கழுத்தையா வெட்டிடுவாங்க?"

ரகசியம் அந்த ஒரு வரியில் போயிற்று. பார்க்க வந்த சண்டை இது இல்லை என்று கூட்டத்துக்குப் புரிவதற்குள் குழியிலிருந்து மெக்கானிக்கின் தலை எட்டிப் பார்த்தது. கிரீஸ் அப்பிய உள்ளங்கை நிறைய வெள்ளை வெள்ளையாக ஏதோ.

"யாருண்ணே இங்க மருந்துக்கடை வச்சிருக்கிறது? கீழ பூரா மாத்திரையா கிடக்குது."

அண்ணி ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். நடுவில் இருந்த கோட்டை நகத்தால் தடவினார்.

"இது காலையில காலையில நான் உங்க கையில குடுத்து அனுப்புற நீர் மாத்திரை."

லிஃப்ட்டண்ணன் கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அதைப் போட்டா அரை மணிக்கு ஒரு தடவை போகணும். கீழ கக்கூஸ் பூட்டியிருக்கு, சாவி எட்டாம் மாடியில. மேல போய் வாங்கிட்டு, கீழ வந்து போயிட்டு, திரும்பக் கொண்டுபோய்க் குடுக்கிறதுக்குள்ள நாலு மாடியில பெல் அடிக்கிறாங்க. அப்புறம் செகரட்டரிக்குப் போன் போகுது."

"அதனால?"

"ஞாயித்துக்கிழமை தவறாம போட்டுக்கிறேன்."

"நெஞ்சு ஞாயித்துக்கிழமை மட்டுமா அடிக்குது?"

அதற்குமேல் அண்ணி திட்டவில்லை. கொண்டு வந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காலுறையை உருட்டிக் கழற்றினார். நூலால் இறுக்கிக் கட்டிய பொட்டலம் மாதிரி கணுக்காலுக்கு மேலே ஒரு வரி பதிந்திருந்தது. கட்டை விரலால் அமுக்கினார். விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. நான் ஒரு வாடிக்கையாளருக்கு ஆறு பக்கம் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அப்போதும் முழுசாக மேடாகியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேலை ஞாபகம் வந்து போனார்கள்.

லிஃப்ட் நின்றுபோனதால் செகரட்டரி எட்டு மாடியும் நடந்தே இறங்கி வந்தார். கடைசிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. "சார், இறங்கினதுக்கே உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது. இவருக்குச் சும்மா படுத்தாலே இப்படித்தான் வாங்குது. நாங்க பெருசா ஒண்ணும் கேக்கலை. இவரு மாத்திரையைக் குழியில போடாம வாயில போடணும்னா, அந்தக் கக்கூஸ் சாவி கீழ இருக்கட்டும்."

செகரட்டரி அந்தக் காலைப் பார்த்தார். அப்புறம் தான் திரும்ப ஏறிப் போகவேண்டிய படிக்கட்டைப் பார்த்தார். "பெல் அடிக்கிறவங்க அஞ்சு நிமிஷம் நிக்கட்டும்" என்றார். பிறகு லிஃப்ட்டண்ணனிடம் திரும்பி, "மாத்திரையைப் போட்டா உக்காரு. இனிமே குழியில ஒண்ணு பார்த்தேன், வேலையை விட்டு நிறுத்திடுவேன்" என்றார்.

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார்கள். நல்ல டோஸ் விழுந்ததாகக் கேள்வி. போடாத மாத்திரைக்கு இரண்டு தடவை அளவைக் கூட்டியிருக்கிறேனே, கூட்டின அளவை அப்படியே திடீரென்று போட ஆரம்பித்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாய் என்று சொல்லி, அளவைக் குறைத்துப் புதிதாக எழுதிக் கொடுத்தாராம். காலையில் ஐந்து மணிக்கு எழுந்ததும் போட வேண்டும். டூட்டி ஏறுவதற்குள் அதன் வேகம் பாதி அடங்கிவிடும். மிச்சத்துக்குச் சாவி இருக்கிறது, என் கடை ஆணியில்.

இப்போது தினமும் வந்தவுடன் இரண்டாம் மாடி கூரியர் ஆபீஸில், பார்சல் எடை போடுகிற தராசில் ஏறி நிற்கிறார். "இன்னிக்கு எந்த ஊருக்கு அனுப்பணும்?" என்று கூரியர்க்காரன் கேட்காத நாள் இல்லை. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே வா என்பது டாக்டர் உத்தரவு. ஒரு தடவை ஏறிற்று. அன்றைக்கே போனார். கல்யாண வீட்டில் உப்பைப் பார்க்காமல் சாப்பிட்ட வினை. மற்ற நேரம் அண்ணியின் ஸ்டூலில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் அவர் காலைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். வீக்கம் முழுசாகப் போகவில்லை. நெஞ்சு பழையபடி ஆகாது, அதனால் இது வரும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் எழுதி, கம்பிக் கதவு பக்கத்தில் நின்று அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். காலை எடுக்காமலே பேசினார்.

"ரெண்டாவது வீடாம். டேய், இருக்கிற ஒரு வீடே மூணாவது மாடி. அங்க லிஃப்ட் கிடையாது. திருப்பத்துக்குத் திருப்பம் நின்னு மூச்சு வாங்கிட்டு ஏறுறேன், இதுல இன்னொரு வீட்டுக்கு எவன் ஏறுவான்? மத்தியானம் ஷூவுக்குள்ள காலு அடங்கலை. நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவுல லிஃப்ட்டை நிறுத்திட்டு செருப்பை மாத்தினேன். ஷூ ஏழாம் நம்பர், செருப்பு ஒன்பது. அதை எவளும் வாங்கிக் குடுக்கலை, நானே வாங்கினேன். கதையைக் கெளப்பினது நீ. அதையும் எழுது."