உடம்பு எப்படி இருக்கு?

பூட்டுக்காரருக்கு ஊரில் திறக்க முடியாத பூட்டே கிடையாது. மகள் வாயை மட்டும்தான் திறக்க முடியவில்லை. வெளியூர் வேலைக்குப் போகவே கூடாது என்று அவர் ஒற்றைக்காலில் நிற்க, அவள் தன் நாயை அவரிடம் விட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். மறந்தும் "அப்பா" என்று கூப்பிட மாட்டாள். "உடம்பு எப்படி இருக்கு? வேளாவேளைக்குச் சாப்பிடணும், வெயில்ல சுத்தக் கூடாது" என்பாள், அவ்வளவுதான். இவர் மட்டும் வீம்பில் குறைந்தவரா? நாயைத்தான் கேட்கிறாள் என்று போனை அதன் காதில் வைப்பார். பிறகு பக்கத்தில் தலையைச் சாய்த்து மகள் குரலை ஒட்டுக்கேட்பார்.

இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார். நான் நாய், பூனைகளுக்கு வயிற்று ஸ்கேன் பார்க்கிற டாக்டர். அந்தக் கிழட்டு நாய் சில வாரங்களாக இளைத்துக்கொண்டே வந்தது, தின்றதைக் கக்கியது. வெறும் வயிற்றோடு கூட்டி வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். முடியை மழித்து, ஜெல் தடவிக் கருவியை வைத்தால் திரையெல்லாம் காற்றும் இரையும்தான்.

"என்ன குடுத்தீங்க?"

"ஒரே ஒரு பிஸ்கட்டு டாக்டரம்மா."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒரு பாக்கெட்டு. அது மூஞ்சியப் பாத்தா மனசு கேக்கல."

எனக்கு வந்த எரிச்சலில், நாளைக்கு வாருங்கள் என்று துரத்தியே விட்டேன்.

மறுநாள் குடல் தெளிவாகத் தெரிந்தது. நல்ல குடலின் சுவர் திரையில் வெளுப்பும் கறுப்புமாக அடுக்கடுக்காக இருக்கும். வெறும் அழற்சி என்றால் சுவர் தடித்தாலும் அடுக்கு பெரும்பாலும் கலையாது. கட்டி வந்தால் அடுக்கு அழிந்து ஒரே மொத்தையாகிவிடும். அடுக்கு இருந்துவிடக் கூடாதா என்று கருவியைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஓரிடத்தில் சுவர் விரல் கனத்துக்கு வீங்கி, மொழுக்கென்று கறுத்துக் கிடந்தது. பக்கத்திலேயே நெறியும் கட்டியிருந்தது.

"கட்டி மாதிரிதான் தெரியுது. ஊசி போட்டு கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் உறுதியாச் சொல்லலாம். பரவியிருக்கும்னுதான் தோணுது."

அவர் சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இது போயிட்டா அவ எதுக்கும்மா போன் பண்ணப் போறா?"

"நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று அதட்டினேன்.

அவராக ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை. விரல் தவறிப் பட்டதில் போன் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

"என்ன ஆச்சு? உடம்பு எப்படி இருக்கு?" என்று எடுத்ததுமே பதறினாள்.

"சரியில்லம்மா. குடல்ல கட்டியாம். பரவியிருக்குங்கறாங்க."

போனில் பெரிதாக அழுகை வெடித்தது. "அப்பா... ஏம்ப்பா என்கிட்ட சொல்லல? பயப்படாதீங்கப்பா, இன்னைக்கே கிளம்பி வர்றேன்."

பூட்டுக்காரர் திகைத்துப்போனார். "எனக்கில்லம்மா. உன் நாய்க்கு."

"நாய்க்கா?"

"வாராவாரம் நீ நாயத்தானே விசாரிப்ப?"

"நான் எப்பப்பா நாயக் கேட்டேன்? உங்களத்தான் கேட்டேன். பதிலே சொல்லாம மூச்சு மட்டும் வாங்குவீங்க. எனக்கு எவ்வளவு பயமா இருக்கும் தெரியுமா?"

மேசையில் நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். "ஆனாலும் வா."