அக்கா திட்டாத கடிதமும் மங்கலம் தறிக்கூடமும்

பிழைக்க வெளியூர் போன சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவரக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் நானும் அப்படித்தான் சாத்தான்குளத்திலிருந்து திருப்பூர்ப் பக்கம் மங்கலத்துக்குப் போனேன். காரணம், அங்கே விசைத்தறி ஓட்டப் போயிருந்த அக்காவின் கடிதம்.

எங்கள் வீட்டில் பாசம், கவலை, பசி எல்லாமே சத்தமாகத்தான் வெளியே வரும். அக்கா கடிதம் எழுதினால் முதல் வரியே 'ஏல மூதி' என்ற திட்டாகத்தான் இருக்கும். பங்குனியில் அம்மா இறந்த பிறகு வந்த மூன்று கடிதங்களிலும் 'நலம், நலமறிய ஆவல்' தவிர ஒன்றும் இல்லை. தந்தி கிடைத்து அவள் ஊர் வந்து சேர்வதற்குள் நாங்கள் அடக்கம் செய்துவிட்டோம். அந்த வெயிலில் உடல் தாங்காது என்று முடிவெடுத்தவன் நான்தான். வந்தவள் அழவில்லை, யாரையும் ஏசவில்லை. மூன்றாம் நாள் தறி ஓட்டத் திரும்பிவிட்டாள். அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

திருநெல்வேலியில் இரவு ஒன்பதரைக்கு ஏறி, மதுரையில் மாறி, காலை ஏழு மணிக்குத் திருப்பூர். ஏறக்குறைய முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பத்தொரு ரூபாய். மதுரை பஸ் ஸ்டாண்டில் காபி மட்டும் குடித்துவிடாதீர்கள், கழனித்தண்ணி தேவலை. திருப்பூரிலிருந்து மங்கலம் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். ஜன்னலோர இடம்தான், ஆனால் வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்கா ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்ற ஒரே பயம்.

தறிக்கூடத்துக்குப் பின்னால் லைன் வீட்டில் அவளும் அத்தானும் இருந்தார்கள். அத்தான் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா, "வாங்க தம்பி, சாப்டீங்களா?" என்றாள். அக்கா வாயில் 'ங்க'! எனக்கு நாலு இட்லி வைத்தாள், அவளும் நாலு தின்றாள், ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

கூடத்துக்குச் சொந்தக்காரர் ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும். அவரிடம் போய்க் கேட்டேன்.

"உங்கக்காளுக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. எங்க பக்கம் மனசு நொந்தா சோத்தத் தொட மாட்டோமுங்க. அந்தப் புள்ள நல்லா சோறு உங்குது."

தம் கணவர் தவறிப்போனபோது பதினொரு நாள் காபித்தண்ணியிலேயே கிடந்ததையும், அதைப் பார்த்துத்தான் சொந்தபந்தமெல்லாம் ஓடிவந்ததையும் சொன்னார். அக்கா தறியில் நிற்கும்போது எந்நேரமும் பாட்டுத்தானாம். எட்டிப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அவள் உதடு அசைந்தது, தலை லேசாக ஆடியது. அப்பாடா என்றிருந்தது. மூன்றரை மணி மதுரை வண்டிக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்குப் பையோடு சொல்லிக்கொள்ளப் போனேன். வாசல்படியில் கால் வைக்கும்போது கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. அக்கா நிறுத்தவில்லை.

"மூடிட்டானே, எம்மா, ஒம் மொகத்தப் பாக்க விடாம மூடிட்டானே..."

எங்கள் ஊரில் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற அதே குரல். கூடம் முழுக்கக் கேட்டது. பிறகுதான் அவளுக்கே கேட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலு மாசமா பாட்டுன்னே நெனச்சேனுங்க சாமி" என்றார் அந்த அம்மா.

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அவள் முன்னால் போய் நின்று, "என்னை ஏசுக்கா" என்றேன்.

வாயிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "ஏல மூதி, ஒரு நாளு பொறுக்கக் கூடாதால ஒனக்கு?" என்று ஆரம்பித்தாள். முதுகில் அடித்தாள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கரண்ட் வந்தும் அந்த அம்மா யாரையும் சுவிட்சைப் போட விடவில்லை. மூன்றரை வண்டி போயே போயிற்று. அன்று மாலை அந்த அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார், அதற்கும் அக்கா போய் அவரை ஏசிவிட்டு வந்தாள்.

ஆகவே, போகிறவர்கள் காலையில் போய் மாலையில் திரும்பத் திட்டமிடாதீர்கள். இரண்டு நாளாவது தங்குங்கள். சாப்பிடுகிறார், சத்தம் போடவில்லை என்று அவரவர் ஊர் வழக்கத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். தறி ஓட்டுகிறவர் என்றால் கரண்ட் எப்போது நிற்கும் என்று விசாரித்து, அந்த நேரம் கூடத்தில் இருங்கள். நான் இரண்டு மணிக்கு முன்னால் கிளம்பியிருந்தால், அக்கா பாடிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் ஊரில் போய்ச் சொல்லியிருப்பேன்.