பிரியாணி வந்த நேரம்

வளைகுடா நகரமான அல் ஐனில் எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளியில் ஆண்டுதோறும் பெற்றோர் குழுத் தேர்தல் நடக்கும். வாக்குச்சாவடியில் உட்காரும் எனக்குச் சம்பளம் ஒரு பொட்டலம் பிரியாணி. அது வந்ததும் பெட்டிக்குச் சீல் வைத்துவிடுவோம். ஜனநாயகத்துக்கு நாங்கள் வகுத்த நேரம் அதுதான்.

அந்த வருடம் பிரியாணி பன்னிரண்டுக்கே வந்துவிட்டது. ஒரு மணிக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், தலையில் குளித்த ஈரம் காயவில்லை. பேசுமுன் ஒவ்வொரு தடவையும் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"போன வருஷம் ரெண்டு மணி வரைக்கும் இருந்துச்சே சார். எங்க பக்கம் ஸ்கூல் பஸ் விடுறேன்னவருக்கு ஓட்டுப் போடலாம்னு டூட்டிய மாத்திட்டு வந்தேன்."

"நேரம் முடிஞ்சிருச்சுங்க," என்றேன், வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு.

அவர் கோபப்படவில்லை. பொத்தானைத் தொட்டார். "அடுத்த வருஷம் எத்தனை மணிக்கு சார் முடிப்பீங்க? இப்பவே சொன்னா லீவு கேட்டு வெச்சிருவேன்."

பல நாட்டு அரசியல் சட்டங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவன் நான். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

"நீங்க சாப்பிடுங்க சார்," என்று சொல்லி, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். ஓங்கிச் சாத்தியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.