கிணற்றில் கயிறு விட்டுக் கருத்துச் சொன்னவர்

போன வாரம் சேலத்திலிருந்து ராசிபுரத்துக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் தேர்தல் விவாதம் ஒன்றைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். காதில் மாட்டும் சமாச்சாரம் அவரிடம் இல்லை போலிருக்கிறது, பாதிப் பேருந்து கேட்டது. திரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். "களம் என்ன சொல்கிறது என்றால்" என்று ஐந்து நிமிடத்தில் நாலு தடவை சொன்னார். படித்தவர், பேச்சும் சுத்தம், குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மல்லூர் தாண்டும்போது முன் இருக்கைக்கு அடியில் இருந்த காலி நெய் டின் லேசாக மணந்தது. அதற்கப்புறம் பேராசிரியர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்த நெய் வாசனையோடுதான் ஒரு காலத்தில் என் செய்திகள் எல்லாம் சேலம் போயின. எழுபதுகளின் கடைசியில் நான் ராசிபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடவே சேலத்து நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேர நிருபர். நிருபர் என்பதற்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். யாரும் கேட்காமலே அதை எடுத்துக் காட்டுவேன். செய்தியை எழுதி உறையில் போட்டு, சேலம் பேருந்துக் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைச் சேலத்துக்குப் போகும் ராசிபுரத்து நெய் டின்களுக்கு நடுவில் செருகிக்கொள்வார். சேலம் பேருந்து நிலையத்தில் பத்திரிகை ஆள் காத்திருந்து வாங்கிப்போவார்.

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் பத்திரிகையில் 'பேராசிரியர் பார்வை' என்று ஒரு பத்தி போடுவார்கள். உள்ளூர்க் கல்லூரி ஆசிரியர்களிடம் போய், இந்தத் தேர்தலில் எது பிரச்சினை என்று கேட்டு எழுத வேண்டும். கேட்பதற்கு எனக்கு எங்கள் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்று இருந்தது. சுண்ணக்கட்டித் தூளும் சிக்கரிக் காப்பியும் கலந்த வாசனை அந்த ஆசிரியர் அறைக்கு. வரலாற்று விரிவுரையாளரிடம் கேட்டால் பல்லவர் காலத்தில் தொடங்குவார், நம் தொகுதிக்கு வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். அரசியல் துறைக்காரர் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் தான் அப்போதே சொன்னதாக நிற்கிற மாதிரி ஒரு வாக்கியம் வைத்திருந்தார். இரண்டு தேர்தலுக்கு அதே வாக்கியத்தைக் கொடுத்தார், நானும் போட்டேன்.

பொருளாதாரத்தில் மரகதம் என்று ஒருவர் இருந்தார். முப்பது வயது இருக்கும். மாணவர்களுக்கு மேடம், ஊர்க்காரர்களுக்கு டீச்சர். நானும் டீச்சர் என்றே சொல்லிவிடுகிறேன். முதல் முறை கருத்துக் கேட்டபோது, "இன்னும் நான் போய்ப் பார்க்கலீங்களே, பத்து நாள் குடுங்க" என்றார். தேர்தல் கருத்துக்குப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் டீச்சர் ஒரு துணிப்பையோடு பேருந்தேறி நாமகிரிப்பேட்டைப் பக்கம் போய்விடுவார். பைக்குள் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு, ஒரு நோட்டு. வெய்யில் காலத்தில், வருஷா வருஷம், அதே கிணறுகளில் கயிற்றை விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வருவார். முதலில் பாங்கிலிருந்து கடன் வசூலுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சிலர் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டார்களாம். ஒரு தடவை நான் கூடப் போனபோது ஒரு பாட்டி, "ஏஞ்சாமி, இந்தத் தண்ணியப் பாத்து எழுதுனா ஏறி வந்துருமா?" என்று கேட்டார். "வராதுங்க ஆத்தா. ஆனா எறங்குச்சுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளாச்சும் வேணுமில்லீங்களா" என்றார் டீச்சர்.

அந்தத் தேர்தலுக்கு அவர் கொடுத்த கருத்து மூன்றே வரி. இந்தப் பக்கத்துக்குத் தேர்தல் பிரச்சினை ஒன்றுதான், கிணற்றுத் தண்ணீர். போன வருஷத்தைவிட இந்த வருஷம் இத்தனை அடி இறங்கியிருக்கிறது. இதற்கு ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, எல்லோரும்தான் மோட்டாருக்குக் கடன் கொடுத்தார்கள், யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் என் பெருமையைச் சொல்லியாக வேண்டும். அழகாகப் பிரதி எடுக்கிறேன் பேர்வழி என்று அந்த மூன்று வரியைப் பெரிய பெரிய எழுத்தில் இரண்டு தாளில் எழுதினேன். முதல் தாள் முடிந்தபோது நாலு மணி பேருந்து ஹாரன் அடித்தது. அதை மட்டும் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டாவதை அடுத்த வண்டியில் அனுப்பினேன். அடுத்த வண்டி ஆண்டகளூர் கேட் நிறுத்தத்தில் டயர் வெடித்து நின்றுவிட்டது. மூன்றாவது வரி இரண்டாம் தாளில் இருந்தது.

மறுநாள் பத்திரிகையில் முதல் இரண்டு வரிதான் வந்தது. அதற்கு மறுநாளே எதிர்க்கட்சிக்காரர்கள் அதை அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். ஆளுங்கட்சியால் கிணறு வற்றியதாகக் கல்லூரி டீச்சரே சொல்லிவிட்டார் என்று ஜீப்பில் மைக் வைத்துக் கத்திக்கொண்டு போனார்கள். கல்லூரிச் செயலாளர் ஆளுங்கட்சி வேட்பாளருக்கு வலது கை. டீச்சருக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, அந்த மாதம்தான் முடிவாக வேண்டும். வீட்டில் படுத்த படுக்கையாய் அப்பா. டீச்சர் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது.

செயலாளர் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். தப்பு என்னுடையது என்பதால் நானும் போனேன்.

"இத பாரும்மா, அப்பிடி நான் சொல்லவே இல்ல, நிருபர் கட்டி உட்டதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துரு. ஆர்டர்ல இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

நான் முந்திக்கொண்டு, "அப்படியே எழுதிக்கட்டுங்க, எனக்கொண்ணும் இல்லீங்க" என்றேன். அட்டை பறிபோகும் என்று உள்ளே அழுகையாக வந்தது.

டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. "வந்தது பாதிதானுங்க. ஆனா அந்தப் பாதி நான் சொன்னதுங்க. சொல்லலைன்னு எப்படீங்க எழுதறது?" என்றார்.

செயலாளர் மேசைமேல் கிடந்த பத்திரிகையை மடித்து ஓரமாக வைத்தார். "சரி, ஞாயித்துக்கெழம எங்கூட்டுக் கெணத்துக்கு வா. உன்ற கயித்த உட்டுக் காட்டு பாக்கலாம்" என்றார்.

போனோம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஓர் இரும்பு அளவு டேப் வரவழைத்து வைத்திருந்தார். டீச்சர் கயிற்றை விட்டு இழுத்ததும், செயலாளர் அதைத் தரையில் நீட்டிப் பக்கத்தில் டேப்பை நீட்டினார். முடிச்சுகள் அடிக்கு அடி நிற்கவில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்திருந்தது. செயலாளர் கயிற்றை விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது நூல் கயிறும்மா. புதுசு வேற. நனைஞ்சு சுருங்கிப்போச்சு. இதக் கொண்டு அளந்தா ஆழம் கூடத்தான் காட்டும்" என்றார்.

பழைய தேங்காய்நார்க் கயிறு நைந்துபோய், அந்த வருஷம்தான் டீச்சர் புதுக் கயிறு வாங்கியிருந்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிணற்றுக்கும் மறுபடி கணக்குப் போட்டார். வெய்யில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் எழுந்து வந்து, "சராசரியா நாலடி கூடச் சொல்லிட்டேனுங்க" என்றார்.

"அப்பக் கணக்கே தப்புன்னு எழுதிக் குடு" என்றார் செயலாளர். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

டீச்சர் அங்கேயே எழுதினார். என் கயிறு சுருங்கியதால் நான் சொன்ன ஆழத்தில் நாலடி தவறு, அது என் கவனக்குறைவு. நாலடியைக் கழித்தாலும் தண்ணீர் போன வருஷத்தைவிட இறங்கித்தான் இருக்கிறது. இதற்கு ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைச் செயலாளரிடமே நீட்டினார்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இத இப்பிடியே போட்டா ரெண்டு பக்கத்து ஆளுகளும் உன்னையப் பாத்துச் சிரிப்பாங்களே அம்மிணி."

"சிரிக்கட்டுங்க. தண்ணி எறங்குனது எறங்குனதுதானுங்களே."

செயலாளர் திரும்பித் தன் கிணற்றைப் பார்த்தார். பிறகு என்னிடம் தாளைக் கொடுத்து, "கொண்டு போய்ப் போடு தம்பி. நாலடி தப்புன்னு தானா எழுதிக் குடுக்கற புள்ள, மிச்சத்துல பொய் சொல்லாது. என்ற கெணத்துலயும் எறங்கித்தான் போச்சு" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த பயம் அன்றோடு போனது.

இந்த முறை உறையைக் கண்டக்டரிடம் கொடுக்கவில்லை. நானே மடியில் வைத்துக்கொண்டு சேலம் போனேன், வழியெல்லாம் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. முழுதாக வந்தது, டீச்சர் பேரோடு. செயலாளர் சொன்னது போலவே இரண்டு மேடையிலும் சிரித்தார்கள். டீச்சர் கயிறு திரிக்கிறார் என்று ஒருவர் பேசியதற்கு நல்ல கைதட்டல். வேலை நிரந்தரமான உத்தரவு அந்த மாதக் கடைசியில் வந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு 'நாலடி டீச்சர்' என்றே பெயராகிவிட்டது. முதலில் கேலியாகத்தான் சொன்னார்கள். எண்பதுகளில் அதே பெயரை ஜனங்கள் சொல்லும் தொனி மாறிவிட்டது. அவர் பேருந்திலிருந்து இறங்கினால், "நாலடி டீச்சர் வந்திருக்காங்க, உள்ளத உள்ளபடி சொல்லுங்கப்பா" என்று ஆட்களைக் கூப்பிடுவார்கள். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "டீச்சர் நோட்டுல என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்று சொன்ன விவசாயிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தனை பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டு எழுதியவன் நான். இந்த மரியாதை வேறு யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

டீச்சர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. செயலாளர் வீட்டுக் கிணற்றை மண் கொட்டி மூடி, மேலே கோழிப்பண்ணைக் கொட்டகை போட்டுவிட்டார்கள். பக்கத்தில் போர்வெல் இருக்கிறது, ஆறு அங்குலக் குழாய், வாயில் இரும்பு மூடி. தண்ணீர் எத்தனை அடியில் என்று போன மாதம் அங்கே இருந்தவரிடம் கேட்டேன். "தெரியலீங்க, போர் போட்ட ரிக்கு வண்டிக்காரர் ஆயிரத்துக்கு மேலன்னாரு. யாரு எட்டிப் பாத்தா?" என்றார். உண்மைதான், இந்தக் குழாயில் யாரும் கயிறு விட்டுப் பார்க்க முடியாது. அன்றைக்கு டீச்சர் சொன்னது சரியா தப்பா என்று எதிராளிகூட ஒரு கயிற்றோடு போய்ப் பார்த்துவிட முடிந்தது.