சோடி மாறின பல்லுச் சக்கரம்

அண்ணையின் பழைய கார் ஹயருக்கு ஓடிய காலம். அந்தக் குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை. இறக்குமதியும் நின்றுபோயிருந்ததால், உதிரிப்பாகம் வேண்டுமென்றால் செத்த வண்டிகளைத்தான் தேடிப் போகவேண்டும். என்ஜினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்ட் தேய்ந்து கார் இழுக்காமல் போனபோது, கோப்பாயில் இருந்த என் கராச்சில் என்ஜினை இறக்கினேன். சண்டிலிப்பாயில் ஒரு மாட்டுக்கொட்டிலுக்குள் கிடந்த காரில் நல்ல கேம் ஷாஃப்ட் அகப்பட்டது. அதோடு பல்லுக்குப் பல்லு சேர்ந்து சுற்றிய டிஸ்ரிபியூட்டர் கியர் என்ற பல்லுச் சக்கரத்தைத்தான் காணவில்லை. கார்க்காரர் கொழும்பிலிருந்து வந்ததும் தேடித் தருவார் என்றார்கள்.

பொறுப்போம் என்றேன். ஒன்றாக ஓடிப் பழகிய பற்களைப் பிரித்து வேறொன்றோடு கோத்தால் இரண்டும் கடிபடும். அண்ணை சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் வீட்டில் எதையும் தொடங்குவதில்லை. திருத்திப் பூட்டிய என்ஜினை ஓடவிடுவதும் அவருக்கு ஒரு தொடக்கம்தான். அந்தக் கலண்டரைக் கிழித்து அடுப்பில் போடலாம் போலிருந்தது எனக்கு.

"என்ரை காரின்ரை பழைய கியரையே போடு. உன்ரை கராச் ஒரு மாசம் பொறுக்கும். என்ரை அடுப்புப் பொறுக்காது."

"சோடி மாறினால் இரும்பை இரும்பு தின்னும், அண்ணை."

அவர் கேட்கவில்லை. மூத்தவர் சொல்லைத் தட்டமுடியாமல் பூட்டிக்கொடுத்தேன். சில்லுகளுக்கு எலுமிச்சங்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, ஸ்ராட் பண்ணினார். உடனே பிடித்தது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஆவணியில் கலியாண ஹயர்கள் குவிந்தன. மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு நெல்லியடிக்குப் போன வழியில் கார் நின்றது. உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். நான் ஒயிலை இறக்கினேன். இரும்புத்தூள் மினுங்கியது. பற்கள் மழுங்கி, அந்தத் தூள் பெயரிங்குகளையும் அரைத்திருந்தது. அண்ணை பக்கத்திலேயே நின்றார். தூளை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒண்டும் கதையாதை," என்றார்.

காரைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டு, யாருடையதோ லொறிக்கு றைவராகப் போனார். என் கராச்சுப் பக்கம் பிறகு வரவேயில்லை. கோயில் திருவிழாவில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அண்ணி வழியாக எத்தனையோ தரம் வரச்சொல்லி அனுப்பினேன். சாகும்வரை அப்படியே இருந்துவிட்டார்.

என் கணிப்பு எத்தனையோ என்ஜின்களில் பிழையாகப் போயிருக்கிறது. அந்த ஒன்றிலும் பிழையாகப் போயிருந்தால் அண்ணை என்னோடு கதைத்துக்கொண்டிருந்திருப்பார்.