பேரில்லாத ஊர்க்காரர்கள்

மகள் சிநேகிதிகளோடு பகடை உருட்டி ஆடும் மாயக்கதை விளையாட்டில் கதை சொல்வது அவள்தான். "டிராகன் நெருப்பு கக்குது, ஊரே எரியுது," என்றாள்.

"அங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"சும்மா ஊர்க்காரங்க. அவங்களுக்குப் பேரும் கிடையாது, சக்தியும் கிடையாது."

மகள் பகடையைக் குலுக்கியது ஒரு காலித் தீப்பெட்டியில். அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதுக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்விட்டது.

எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் நல்ல தண்ணீர் வரும். எதிர்வீட்டு மாரியம்மா அத்தை, யாராவது அவசரத்துக்கு ஒரு செம்பு கேட்டால்கூடத் தரமாட்டாள். ஒரு மத்தியானம், அம்மா ஒட்டிக் காயவைத்திருந்த தீப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் குச்சி உரசி விளையாடினேன். பெட்டிகள் பற்றி, ஓலைச் சாய்ப்புக் கூரையும் பிடித்துக்கொண்டது. "ஏலே, வெளிய வாலே!" என்று குடத்தோடு முதலில் ஓடிவந்தது அத்தைதான். பின்னாலேயே தெரு மொத்தமும் சேர்த்துவைத்த தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியது.

அம்மா அழுதாள். "விடுட்டி, தண்ணி அடுத்த வாரம் வந்துரும்லா," என்றாள் அத்தை. அந்த வாரம் முழுக்கத் தெருவே உப்புத்தண்ணீர் குடித்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

"அந்த ஊர்ல ஒருத்திக்கு மாரியம்மான்னு பேர் வையி," என்றேன் மகளிடம்.

"அவங்களுக்கு என்னப்பா சக்தி?"

"ஒரு குடம் தண்ணி."