ஒத்திகை வெள்ளைக்காரன்

கால்டர் ஊரில், கறுப்பர்களான எங்களுக்குள், வெள்ளைக்காரனாக நடிக்க லான்சோ டார்வரை விட்டால் ஆள் கிடையாது. தார் நிறம், ஆறடி உயரம், பருத்திக்கொட்டை ஆலையில் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. அவன் எங்கள் சர்ச்சின் அடித்தள அறைக்குள் இறங்கி, தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "ஏய் பையா" என்று மூக்கால் இழுத்தால் உட்கார்ந்திருப்பவர்கள் தன்னையறியாமல் தலை குனிவார்கள். ஆலை மேஸ்திரி ஹாட்சரின் குரலை அப்படியே தொண்டையில் வாங்கி வைத்திருந்தான்.

அது 1961-ஆம் வருடம், மார்ச் மாதம். கடைத்தெரு மருந்துக்கடையில் நாங்கள் சோப்பு வாங்கலாம், பற்பசை வாங்கலாம். அங்கேயே ஓரமாக இருக்கும், வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. போய் உட்காருவது என்று முடிவானது. உட்காருவது என்ன பெரிய வித்தை? அடி விழும்போது எழாமல், கை ஓங்காமல், திட்டுக்குத் திட்டு சொல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் வித்தை. அதற்குத்தான் ஒத்திகை.

ஒத்திகையை நடத்தியவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி மிஸ் தியோலா கெய்ன்ஸ். குண்டு உடம்பு, கறார் பேச்சு. மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஆட்களை உட்காரவைப்பாள். பிறகு லான்சோவைப் பார்த்துத் தலையசைப்பாள். அவன் தக்காளிச் சாறைத் தலையில் ஊற்றுவான். சிகரெட் புகையைக் கண்ணில் ஊதுவான். நாற்காலியைக் காலால் தட்டிவிடுவான். எங்களைக் கூப்பிட வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த அந்த அழுக்குச் சொல்லைக் காதுக்குள் சொல்லுவான். பிறகு அறைவான். மெய்யாகவே அறைவான், ஐந்து விரலும் பதியும். யாராவது கையைத் தூக்கினால் மிஸ் தியோலா, "நீ வீட்டுக்குப் போ கண்ணு. அடுத்த வாரம் வா" என்பாள்.

கை ஓங்காதவன்தான் கடைக்குப் போகலாம். சட்டம் அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு லான்சோ கொடுத்த விலை யாருக்கும் தெரியவில்லை. எர்னஸ்டின் என்று ஒரு பெண்ணை மனதில் வைத்திருந்தான். அவளும் ஒத்திகைக்கு வந்தாள், அவன் கையால் நாலு அறை வாங்கினாள், அசையவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள், "நீ நல்லவன் லான்சோ. ஆனா இருட்டுல நீ பக்கத்துல படுத்து 'எர்னஸ்டின்'னு கூப்பிட்டாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்" என்று சொல்லிவிட்டாள். அவன் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அவனுடைய அக்கா வெர்டெல். அவனைவிட மூன்று வயது மூத்தவள். அம்மா செத்தபோது இவனுக்கு ஆறு, அவளுக்கு ஒன்பது. அன்றிலிருந்து அவள்தான் இவனுக்குச் சோளரொட்டி சுட்டுப் போட்டது, தலை வாரியது, பொய் சொன்னால் முதுகில் வைத்தது. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். முழங்கைவரை சூட்டுத் தழும்பு. சர்ச் பாடகர் குழுவில் முதல் குரல். வாயும் குரலுக்கு ஏற்ற நீளம். அவளும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னடா வெள்ளைக்காரத் துரை, கை நடுங்குது? மூட்டை ஒண்ணும் தூக்கலையே இன்னிக்கு" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். லான்சோ தக்காளிச் சாறை ஊற்றினான். புகையை ஊதினான். அந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்து, பாதியில் விழுங்கினான். அறைய ஓங்கினான். பதினேழு வருடம் தன்னை அறைந்து வளர்த்த அந்த முகத்தைப் பார்த்தான். கை காற்றிலேயே வலுவிழந்து, பிள்ளையின் கன்னத்தைத் தட்டுவதுபோல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கியது. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்பார்கள். இங்கே அடியும் தம்பியிடம்தான் இருந்தது, அவன் கொடுக்கவில்லை.

மிஸ் தியோலா அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். திரும்பிவந்து, "வெர்டெல் தயாரா?" என்று கேட்டாள்.

"தயார்" என்றான் லான்சோ.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு ஐந்து பேர் மருந்துக்கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். எர்னஸ்டின் ஒருத்தி, வெர்டெல் ஒருத்தி, காலேஜ் பையன்கள் மூன்று பேர். தெருவின் எதிர்ப்புறம் தபால் பெட்டி அருகே நின்று பார்ப்பது லான்சோவின் வேலை. நிலைமை மோசமானால் சர்ச்சுக்குப் போன் செய்ய வேண்டும்.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. முதலில் பத்துப் பேர் சேர்ந்தார்கள்; கால் மணி நேரத்தில் அறுபது பேர். கடுகுச் சாந்தைத் தலையில் பிழிந்தார்கள். ஒரு பையனின் கழுத்தில் சிகரெட்டை வைத்து அணைத்தார்கள். அவன் தோள் ஒருமுறை துள்ளியது, அவ்வளவுதான். இன்னொருவனைச் சுழல் நாற்காலியிலிருந்து இழுத்துப் போட்டு உதைத்தார்கள். அவன் மூக்கு உடைந்த முகத்தோடு எழுந்து மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தான். எர்னஸ்டின் முகத்தில் துப்பினார்கள். அவள் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு பையை மூடினாள். எல்லாம் லான்சோ சொல்லிக்கொடுத்தபடி. அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, பார்க்கவும் முடியவில்லை.

ஒருவன் காபிக் கெண்டியோடு வந்து வெர்டெலின் மடியில் ஊற்றினான். ஆவி பறந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். சூடு அவளுக்குப் பழக்கம். சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி அறைந்தான். அசையவில்லை. அவன் முகத்தை அவள் முகத்துக்கு வெகு அருகில் கொண்டுவந்தான். அவள் அவனைப் பார்த்தாள். கையை நீட்டி மேடைமேல் இருந்த கண்ணாடிச் சீனிச் சாடியை எடுத்தாள். அவன் நெற்றிப்பொட்டில் ஓங்கி உடைத்தாள்.

அவன் சரிந்தான். சீனியும் ரத்தமுமாகத் தரை. பிறகு அறுபது பேரும் அவள்மேல் விழுந்தார்கள்.

லான்சோ தெருவைக் கடந்து ஓடினான். வாசலில் இருந்தவர்கள் அவனைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்கள். அக்காவைக் கூந்தலைப் பிடித்துத் தரையில் இழுத்துவருவதைப் பார்த்தான். பூட்ஸ் கால் அவள் தாடையில் இறங்குவதைப் பார்த்தான். சத்தமும் கேட்டது, காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல. அந்த ஒரு நொடியில் அவனுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: நான் சரியாக அறைந்திருந்தால் இவள் தேறியிருக்க மாட்டாள், இன்றைக்கு வீட்டில் இருந்திருப்பாள்.

போலீஸ் வந்து அவளைத்தான் விலங்கு போட்டுக் கூட்டிப்போனது. கொலை முயற்சி என்று வழக்கு. மறுநாள் லான்சோ ஆலைக்குப் போனான். ஹாட்சரும் இன்னும் மூன்று பேரும் கொட்டைக் கிடங்கில் சங்கிலியோடு காத்திருந்தார்கள்.

"உன் அக்கா மாதிரி நீயும் அடிச்சுப் பாரேன் பையா. அடிக்கிற சாதிதானே நீங்க" என்றான் ஹாட்சர்.

லான்சோ தரையில் சுருண்டு படுத்தான். முழங்கால் வயிற்றில், விரல்கள் கோத்துப் பிடரியில். ஒத்திகையில் சொல்லிக்கொடுக்கிற படுக்கை அது. விலா எலும்பு இரண்டு போயிற்று. சுண்டுவிரல் இரண்டும் போயின. ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை.

வெர்டெல் சிறைப் பண்ணையில் நாலு வருடம் பருத்தி பறித்தாள். தாடையை யாரும் சேர்த்துக் கட்டவில்லை; அதுவாகக் கோணலாக ஒட்டிக்கொண்டது. திரும்பிவந்தபோது பாட்டு போயிருந்தது. பேச்சு மட்டும் கோணல் வாயின் ஒரு ஓரத்தால் வந்தது. அதிலும் குத்தல் குறையவில்லை.

நம் சனங்கள்? அதையும் சொல்லத்தான் வேண்டும், மூடி வைத்து என்ன புண்ணியம். சாடி உடைந்த கதையை வைத்து வெள்ளைக்காரப் பத்திரிகைகள் ஆறு மாதம் எழுதின. சர்ச்சிலேயே பாதிப் பேர் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. முப்பத்தேழு வருடம் கழித்து அந்தக் கடை வாசலில் வெண்கலப் பலகை வைத்தார்கள். "அமைதி வழியில் அமர்ந்தவர்கள்" என்று நாலு பேர் பெயர். உட்கார்ந்தது ஐந்து பேர். லான்சோ விழாக் குழுவிடம் போய்க் கேட்டான். "புரிஞ்சுக்கங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க படிக்கிற பலகை" என்றார்கள். அவனும் தலையாட்டிவிட்டு வந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. யாருக்காக என்று அவனுக்கே தெரியவில்லை.

அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் கிழடு தட்டினார்கள். அன்று ஒத்திகையில் கொடுக்காமல் விட்ட அறையைப் பற்றி அவன் அவளிடம் வாய் திறக்கவே இல்லை.

2020 ஜூன். பார்சல் வண்டி ஓட்டுகிற கோர்டெல் என்கிற நம் பையனை, பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தி, பெட்ரோல் பங்கில் வைத்துப் போலீஸ் சுட்டது. ஏழு குண்டு. எதிர்த்து ஊர்வலம் போவதென்று இளவட்டங்கள் கிளம்பின. முன்னின்றவள் மார்க்கெட்டா என்கிற நர்ஸ். லான்சோ வீட்டுக்கு வந்து, "ஐயா, அந்தக் காலத்துல எப்படித் தயாரானீங்கன்னு எங்க ஆளுங்ககிட்ட வந்து சொல்லணும்" என்றாள்.

அதே அடித்தள அறை. வெர்டெலைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். எண்பத்திரண்டு வயது மனிதன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், "ஒரே ஒரு தப்புப் பண்ணினேன். எங்க அக்காவை நான் சரியா அடிக்கல. அதனால அவளுக்கு அடக்கம் வரல. அவ வாழ்க்கை போனதுக்கு நான்தான் காரணம்" என்று சொல்லி அழுதான். இளவட்டங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெர்டெல் அழவில்லை. வீட்டில் அவன் எடுத்துவைத்த பன்றிக்கறியையும் கீரையையும் சுவரைப் பார்த்தபடி தின்றாள். "என்னக்கா கோபம்?" என்று கேட்டதற்கு, "ஊர்வலத்துக்கு நானும் வர்றேன். வண்டியைத் தள்ளு, போதும்" என்றாள்.

சனிக்கிழமை பிற்பகல். மருந்துக்கடை இருந்த அதே தெரு; இப்போது அது செல்போன் கடை. எதிரே கேடயம் பிடித்த போலீஸ் வரிசை. கலையச் சொல்லி ஒலிபெருக்கியில் இரண்டு முறை கத்தினார்கள். மூன்றாவது சத்தத்தோடு புகைக் குண்டு வந்தது. கண் எரிந்து கூட்டம் சிதறியது. மார்க்கெட்டாவின் முழங்காலில் ரப்பர் குண்டு பாய்ந்து அவள் மடங்கி விழுந்தாள். லான்சோ இருமிக்கொண்டே வண்டியைத் திருப்பப் பார்த்தான். கேடயம் ஒன்று வந்து வண்டியின் பக்கத்தில் மோதியது. வண்டி கவிழ்ந்தது. வெர்டெலின் கோணல் தாடை தார் ரோட்டில் அடித்தது.

அந்தப் போலீஸ்காரன் வெள்ளையா கறுப்பா என்று லான்சோவுக்குத் தெரியாது. தலைக்கவசத்தின் முகக்கண்ணாடியில் தெரிந்தது தன் முகம்தான். வண்டிக் கைப்பிடியில் தொங்கிய கைத்தடியை உருவினான். இரண்டு கையாலும் ஓங்கி அந்தக் கண்ணாடியில் இறக்கினான். தடி முறிந்தது.

பிறகு நாலு பேர் அவன்மேல் விழுந்தார்கள். இடுப்பெலும்பு ஒடிந்தது அவனுக்கே கேட்டது.

ஆம்புலன்சில் இருவரையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். லான்சோவின் வலது கையைப் படுக்கைக் கம்பியோடு விலங்கிட்டிருந்தார்கள். வெர்டெலின் மோவாயில் கட்டு. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவன் முனகினான்.

"வலிக்குதாடா?"

"உசுரு போகுதுக்கா."

"போகட்டும். ஏன்டா அடிச்ச?"

அவன் விலங்கிட்ட கையைப் பார்த்தான்.

"நான் உன்னைச் சரியா அடிச்சு வளர்க்கல, அதனாலயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உன்னைத் தள்ளிவிட்டான். தோணுச்சு, அடிச்சேன்."

"யாரும் சொல்லிக்குடுக்கல?"

"யாரும் சொல்லிக்குடுக்கல. நானேதான்."

"எனக்கும் அதேதான்டா" என்றாள். கட்டுக்குள்ளிருந்து சொற்கள் நசுங்கி வந்தன. "காபியைத் தாங்கினேன். அறையைத் தாங்கினேன். கிட்ட வந்து பார்த்தான் பாரு, திருவிழா பார்க்கிற பிள்ளை மாதிரி அத்தனை சந்தோஷம் அவன் மூஞ்சில. போதும்னு பட்டுச்சு. யோசிச்சுத்தான் எடுத்தேன் அந்தச் சாடியை. அந்தப் பலகைக்காரங்க என் பேரைத்தான் எடுத்தாங்க. நீ என் அடியையே எடுத்து உன் தப்புன்னு வச்சுக்கிட்டியேடா, ஐம்பத்தொன்பது வருசமா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்கலக்கா" என்றான்.

அவள் தன் படுக்கையிலிருந்து மெல்ல ஒருக்களித்து, தழும்பேறிய கையை நீட்டி, அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். தட்டு இல்லை, அறை. கூட இருந்த மருத்துவ உதவியாளர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

"அன்னிக்கு இப்படி அடிச்சிருக்கணும் நீ" என்றாள் வெர்டெல். "அடிச்சிருந்தாலும் அந்தச் சாடியை எடுத்திருப்பேன்."